‘இதுகூடத் தெரியாதா?’

கண்ணு,

வேலை கிடைத்துவிட்டது என்று நீ ஃபோனில் சொன்னதும், என்ன பாடம் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். “ஃபர்ஸ்ட் இயர், எம்-ஒன் மாமா” என்றாய். சிரிப்பு வந்தது. 1989இல் எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். புதிதாக வருகிறவர் தலையில் முதல் வருஷக் கணக்கைக் கட்டிவிட்டுப் பழையவர்கள் மேல் வகுப்புக்கு நகர்ந்துவிடுவது பொறியியல் கல்லூரிகளில் எழுதாத சட்டம். இருப்பதிலேயே கடினமான வகுப்பு அதுதான் என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாடம் கடினம் என்று சொல்லவில்லை. எம்.எஸ்ஸி. முடித்த உனக்கு அந்தப் பாடம் தண்ணீர் பட்ட பாடு. எதிரே உட்கார்ந்திருக்கும் அறுபது பேரில் முக்கால்வாசிப் பேர் கணக்கைப் பார்த்தே பயந்து வந்தவர்கள். அதைத்தான் சொல்கிறேன்.

முப்பத்து மூன்று வருஷம் இந்த வேலை செய்தேன். முதல் பத்து வருஷம் கற்றுக்கொண்டதெல்லாம், எப்படிச் சொல்லித்தரக் கூடாது என்பதைத்தான். கணக்கு வாத்தியார் என்பதால் என் பிழைகளுக்கு எண் போட்டுத் தருகிறேன்.

1. ‘இதுகூடத் தெரியாதா’ என்று ஒருநாளும் கேட்காதே.

என் முதல் வருஷம். தொகையிடலில் ஒரு கணக்கு போர்டில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஆறில் ஐந்து என்று எழுதினேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “சார், அஞ்சில ரெண்டுதானே வரணும்?” மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்டியிருக்கிறான். “இதுகூடத் தெரியாதா? ஆறாம் கிளாஸ் கணக்குப்பா இது” என்றேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் அந்த வருஷம் முழுக்க வாய் திறக்கவில்லை. கூடவே மற்ற ஐம்பத்தொன்பது பேரும் வாய் திறக்கவில்லை. ஒருவனிடம் சொன்னதை அறுபது பேரும் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். நானோ, ‘என் வகுப்பில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை’ என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை பேசித் திரிந்தேன். தேர்வு முடிவு வந்தது. பாதி வகுப்பு அரியர்.

2. பள்ளம் எங்கே விழுந்தது என்று விசாரி.

‘இப்ப வர்ற பிள்ளைங்களுக்கு பேஸிக்கே இல்லை’ என்று ஸ்டாஃப் ரூமில் தினமும் கேட்பாய். நீயும் சேர்ந்து சொல்லத் தொடங்குமுன் ஒரு விஷயம் யோசி. நீ எம்-ஒன்னில் நடத்தப்போவதன் அஸ்திவாரம் பதினோராம் வகுப்பில் இருக்கிறது. முக்கோணவியல், எல்லை, வகையிடலின் முதல் பாடங்கள் எல்லாம் அங்கேதான் வருகின்றன. ரொம்ப காலம் அந்த வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 2018 மார்ச்சில்தான் முதன்முதலில் வைத்தார்கள். அதுவரை பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமலே, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைத்தன. படியில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மேல் படியில் பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்தால், நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஏறச் சொன்னால்தான் தெரியும். அப்புறம் கொரோனா வந்தது. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றின் மதிப்பெண்களையும் கலந்து போட்டார்கள். அந்த வருஷம் வந்த பிள்ளைகளில் சிலர் வகுப்பறையைவிட ஃபோன் திரையில்தான் வகையிடலைப் பார்த்திருந்தார்கள். பொறியியல் நுழைவுத் தேர்வு போன பிறகுதான் தரம் போயிற்று என்றும் சிலர் சொல்வார்கள். என் முதல் வகுப்பில் பின்னம் கூட்டத் தெரியாமல் எழுந்து நின்றவன், நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் வந்தவன். பள்ளம் விழுந்ததற்குப் பிள்ளையைத் திட்டாதே. பள்ளம் எத்தனை அடி என்று அளந்து பார்.

3. மதிப்பெண் போடாமல் ஒரு தேர்வு வை.

முதல் வாரமே இருபது சின்னக் கேள்வி கொடு. மைனஸ் எண்களைக் கூட்டுவது, பின்னம், அடுக்கு, காரணிப்படுத்துவது, ஒரு நேர்க்கோட்டை வரைவது, சைன் முப்பது டிகிரி எவ்வளவு என்பது. நாற்பது நிமிஷம் போதும். விடைத்தாளைத் திருத்தும்போது ‘யாருக்கு எத்தனை’ என்று எண்ணாதே. ‘எந்தக் கேள்வி எத்தனை பேருக்கு வழுக்கியது’ என்று எண்ணு. முதல் எண்ணிக்கை வகுப்பைத் தரம் பிரிக்கும். இரண்டாவது உனக்கு வேலைத்திட்டம் தரும். நான் ஒரு வருஷம் இந்தத் தேர்வை வைத்துவிட்டு, மதிப்பெண்ணை வரிசையாக வாசித்தேன். இருபதுக்கு மூன்று வாங்கிய பெண் அடுத்த நாள் முதல் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். நாடி பார்க்க உட்கார்ந்த வைத்தியன் நோயை ஊருக்கு அறிவித்த கதை அது.

4. தவறான விடைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கு.

இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. அணிகள் பாடம். மேல் வரிசையில் −4, 1. கீழ் வரிசையில் 2, −3. ஐகன் மதிப்பு கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவன் நோட்டைக் கொண்டுவந்தான். கேய்லி–ஹாமில்டன் தேற்றத்தை எழுத்துப் பிசகாமல் எழுதக்கூடியவன். மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை 7 என்று போட்டிருந்தான். அணிக்கோவை 10, அது சரி. லாம்டா ஸ்கொயர் மைனஸ் 7 லாம்டா ப்ளஸ் 10. காரணிப்படுத்தினால் 5, 2. பார் கண்ணு, எவ்வளவு அழகாக வந்துவிட்டது! சரியான விடை −5, −2. தவறான கணக்கு முழு எண்ணாக முடிந்துவிட்டால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது.

பழைய நானாக இருந்திருந்தால் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு ‘கேர்லெஸ்’ என்று எழுதியிருப்பேன். அன்று என்னவோ, “இந்த ஏழு எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன். “ரெண்டு மைனஸ் சேர்ந்தா ப்ளஸ்தானுங்க சார்?” என்றான். கவனக்குறைவே கிடையாது. பெருக்கலுக்குச் சொன்ன விதியை எட்டாம் வகுப்பிலிருந்து கூட்டலுக்கும் அவன் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறான். “உங்கப்பா தறி முதலாளிகிட்ட நாலாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருக்கார். இன்னொரு இடத்துல மூவாயிரம் வாங்குறார். ரெண்டு கடன் சேர்ந்தா வரவாயிடுமா?” என்றேன். “ஏழாயிரம் கடனுங்க சார்” என்று உடனே சொன்னான். சொல்லிவிட்டு நோட்டைப் பார்த்தான். அப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே 7க்கு முன்னால் ஒரு கோடு இழுத்தான். எட்டாம் வகுப்பிலிருந்து அன்றுவரை அவன் விடைத்தாளைத் திருத்திய எத்தனையோ பேர் ‘தவறு’ என்று போட்டிருப்பார்கள். ‘எப்படி’ என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிக்கொடு. விடையைத் திருப்பி வைத்துப் பார்க்கும் பழக்கம். 5 ஐகன் மதிப்பு என்றால், மூலைவிட்டத்திலிருந்து 5ஐக் கழித்தபின் அணிக்கோவை பூஜ்யம் ஆக வேண்டும். போட்டுப் பார்த்தால் 70 வரும். தன் பிழையைத் தானே பிடித்த பிள்ளைக்கு வாத்தியாரின் சிவப்பு மை தேவைப்படாது.

5. தெரியாதது கணக்கா, கணக்கின் பெயரா என்று பார்.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பெண் ஒருத்தி. நான் போர்டில் நின்று டிட்டர்மினன்ட், டிட்டர்மினன்ட் என்று இரண்டு வாரம் முழங்கிக்கொண்டிருந்தேன். நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்; இன்டர்னலில் ஒன்றும் எழுதவில்லை. கூப்பிட்டுக் கேட்டால் பேச்சில்லை. கடைசியில் ஒரு கணக்கை நானே எழுதிக் காட்டினேன். “சார், இது அணிக்கோவைங்களா?” என்றாள். அடுத்த ஐந்து நிமிஷத்தில் மூன்று கணக்கு முடித்தாள், என்னைவிட வேகமாக. இரண்டு வாரமாக அவள் கணக்கில் தோற்கவில்லை, என் ஆங்கிலத்தில் தோற்றிருக்கிறாள்.

2010 முதல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழிலும் தந்தது. ஆனால் தமிழ் வழியில் வரும் பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கில வகுப்பில்தான் வந்து உட்காருகிறார்கள். நீ ஒரு வேலை செய். முதல் மாதம் போர்டின் இடது ஓரத்தில் ஒரு பத்தி ஒதுக்கு. சார்பு – ஃபங்ஷன், மூலம் – ரூட், வகைக்கெழு – டெரிவேட்டிவ், தொகை – இன்டெக்ரல் என்று அன்றன்றைக்கு வரும் சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் போடு. ஆறாவது வாரத்தில் அந்தப் பத்தி தேவைப்படாது. ‘இங்கிலீஷ்லயே பேசினாத்தான் பழகும்’ என்று சொல்பவர்கள் வருவார்கள். பழகட்டும், ஆனால் நீச்சல் பழகும்வரை சுரைக்குடுக்கை வேண்டும்.

6. கிழிந்த இடத்தில் தை. மொத்தத் துணியையும் பிரிக்காதே.

குற்ற உணர்ச்சியில் ஒரு வருஷம் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். முதல் மூன்று வாரம் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் மட்டுமே நடத்தினேன். பிள்ளைகளுக்கு அலுப்பு; ‘நம்மை மறுபடி ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க’ என்ற அவமானம். அதைவிடக் கொடுமை, காரணிப்படுத்துவதை ஆகஸ்டில் சொல்லித்தந்தேன், தேவைப்பட்டது அக்டோபரில். அதற்குள் மறந்துவிட்டது. சிலபஸும் நின்றது, அஸ்திவாரமும் நிற்கவில்லை.

இந்தத் தப்பை நாம் மட்டும் செய்யவில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் இரண்டாண்டுக் கல்லூரிகளில், பட்டக் கணக்குக்கு முன்னால் பருவக்கணக்காக அடிப்படை வகுப்புகளை அடுக்கிவைத்தார்கள். ஒவ்வொரு படியிலும் பிள்ளைகள் உதிர்ந்துகொண்டே போனார்கள். 2017இல் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள்: நேரே கல்லூரிக் கணக்கில் சேர், கூடவே துணை வகுப்பு. நீயும் அப்படிச் செய். உன் சிலபஸில் ஐந்து யூனிட். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது மணி பாடம், மூன்று மணி டுடோரியல். அந்த மூன்று மணியை ‘சம்ஸ் போட’ என்று விட்டுவிடாதே. ஐகன் மதிப்பு வரும் வாரம் காரணிப்படுத்து, தொகையிடல் வரும் வாரம் முக்கோணவியல் சூத்திரம், இரட்டைத் தொகையிடல் வரும் வாரம் கோடும் வட்டமும் வரைவது. நாளைக்கு வேண்டியதை இன்றைக்குத் தை.

7. பலவீனமானவர்களைத் தனி வரிசையில் உட்காரவைக்காதே.

ஆய்வுக்குழு வருகிறது என்றால் ‘ஸ்லோ லேர்னர்ஸ்’ பட்டியல் கேட்பார்கள். ஒரு வருஷம் நானே அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். நாலு மணிக்குமேல் கோச்சிங் கிளாஸ் என்று கீழே எழுதினேன். நாலே காலுக்குக் காலேஜ் பஸ் கிளம்பிவிடும். பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் பஸ்ஸில் வருகிறவர்கள். மீதிப் பேருக்கு அந்தப் பட்டியலைக் கடந்து என் அறைக்கு வர மனசில்லை. ஆறு பேருக்கு வகுப்பெடுத்துவிட்டு, ‘வாய்ப்புக் கொடுத்தேன், வரலை’ என்று பதிவேட்டில் எழுதினேன்.

அந்தச் சமயத்தில் யூரி டிரெய்ஸ்மன் என்ற கணித ஆசிரியரைப் பற்றிப் படித்தேன். 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அக்கறை இல்லை, பள்ளி சரியில்லை, வீட்டில் வறுமை என்று அங்கும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இவர் கறுப்பின மாணவர் இருபது பேரையும், நன்றாகத் தேறிவந்த சீன வம்சாவளி மாணவர் இருபது பேரையும் கூடவே இருந்து கவனித்தார். தோற்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். சொன்ன மணிநேரம் படித்தார்கள்; ஆனால் தனியாகப் படித்தார்கள். மற்றவர்கள் இரவில் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் விடையை ஒருவர் சோதித்து, சிரித்துச் சண்டையிட்டுப் படித்தார்கள். டிரெய்ஸ்மன் தோற்றவர்களுக்கு எளிய கணக்குத் தரவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்காரவைத்தார். நிலைமை தலைகீழாயிற்று.

நான் நோட்டீஸைக் கிழித்தேன். டுடோரியல் வகுப்பில் நாலு நாலு பேராக உட்காரவைத்தேன். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் தமிழ் வழி, ஒருவர் நன்றாகப் போடுகிறவர். ஒருவராலும் தனியாக முடிக்க முடியாத ஒரு கணக்கைக் கொடுப்பேன். முதல் நாள் மௌனம். மூன்றாவது வாரம் பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்தது. என் சர்வீஸில் நான் சந்தோஷப்பட்ட ஒரே புகார் அதுதான்.

8. சாக்பீஸை விட்டுக்கொடு.

என் போர்டு அழகாக இருக்கும், கண்ணு. கோடு போட்டதுபோல எழுத்து. ‘சார் நடத்துறப்ப எல்லாம் புரியுதுங்க, வீட்டுக்குப் போய் போட்டாத்தான் வரமாட்டேங்குது’ என்பார்கள். அதைப் பாராட்டு என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்து யாருக்கு வயிறு நிறைந்திருக்கிறது? 2014இல் அமெரிக்காவில் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள்தான். வெறுமனே விரிவுரை கேட்ட வகுப்புகளில் நூற்றுக்குச் சுமார் 34 பேர் தோற்றார்கள். மாணவர்களையே செய்ய வைத்த வகுப்புகளில் 22 பேர். பத்து நிமிஷம் நடத்து, பத்து நிமிஷம் அவர்கள் போடட்டும். அந்தப் பத்து நிமிஷம் பெஞ்சுகளுக்கு இடையில் நட. வாத்தியார் நடக்கும் வகுப்பில் கடைசி பெஞ்ச் என்று ஒன்று கிடையாது.

9. தூங்குகிறவனை எழுப்புமுன் காலண்டரைப் பார்.

என் வகுப்பில் ஒருவன் திங்கள்கிழமை தோறும் தூங்குவான். இரண்டு முறை வெளியே அனுப்பினேன். மூன்றாம் முறை அவன் நண்பன் வந்து சொன்னான்: “சார், நேத்து முகூர்த்தங்க. கேட்டரிங் வேலைக்குப் போயிட்டு விடிஞ்சுதான் வந்தான்.” ஐந்நூறு பேருக்குப் பந்தி பரிமாறிவிட்டு வந்தவனை நான் பகுதி வகையிடல் தெரியவில்லை என்று துரத்தியிருக்கிறேன். உன் வகுப்பில் முதல் பட்டதாரிச் சான்றிதழோடு வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வீட்டில் ‘படிச்சியா’ என்று கேட்க ஆள் உண்டு. ‘எந்தக் கணக்கு வரலை’ என்று கேட்க ஆள் கிடையாது. ஆவணி, ஐப்பசியில் முகூர்த்த நாள் எது என்று தெரிந்துவைத்துக்கொள். மறுநாள் காலையில் புதுப் பாடம் தொடங்காதே. இது எந்த லெசன் பிளானிலும் இல்லை. ஆனால் கணக்கு வாத்தியாருக்கும் பஞ்சாங்கம் தேவைதான்.

10. ‘இம்பார்ட்டன்ட்’ கொடு, அதோடு நிறுத்தாதே.

தேர்வு நெருங்கினால் ‘சார், இம்பார்ட்டன்ட் மட்டும் சொல்லுங்க’ என்று சூழ்ந்துகொள்வார்கள். இதில் நான் இரண்டு பக்கமும் விழுந்திருக்கிறேன். கொள்கை பேசி மறுத்த வருஷம், பாஸாகக்கூடிய பிள்ளைகளும் அரியர் வாங்கினார்கள். கேம்பஸுக்கு வரும் பல கம்பெனிகள் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. என் கொள்கைக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். பத்துக் கேள்வியைக் குறித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்த வருஷம், தேர்ச்சி விகிதம் ஏறியது, எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அதே பிள்ளைகள் மூன்றாம் பருவத்தில் ஃபூரியர் தொடர் வந்தபோது, தொகையிடத் தெரியாமல் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். அன்று அந்த வகுப்பை எடுத்தவர் வேறொருவர், அதனால் பழியும் வேறொருவர் மேல் போயிற்று. பாஸாவது அவன் உரிமை, அதற்கு வழிகாட்டு. ஆனால் குறித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கணக்கிலும் ஓர் எண்ணை மாற்றிக் கொடு. எண் மாறியும் போடத் தெரிந்தால் அது படிப்பு. இல்லையென்றால் கடன் அடுத்த வாத்தியார் கணக்கில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

11. ராமானுஜன் கதை சொல்லாதே. உன் கதை சொல்.

கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை இழந்து, எஃப்.ஏ. தேர்விலும் தோற்ற ராமானுஜனே உலகம் போற்றும் மேதையானார் என்று தோற்ற பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவன் மெதுவாகக் கேட்டான்: “அவரு ஃபெயிலானது கணக்குலங்களா சார்?” வாயடைத்துப்போனேன். அவர் கணக்கில் தோற்கவில்லை. கணக்கில் மூழ்கி மற்ற பாடங்களில் தோற்றார். கணக்கில் 23 வாங்கிய பிள்ளைக்கு அது எப்படி ஆறுதல் ஆகும்? அன்றுதான் முதன்முதலாக, எம்.எஸ்ஸி. முதல் வருஷம் ரியல் அனாலிசிஸ் தாளில் நான் ஃபெயிலானதை வகுப்பில் சொன்னேன். விடுதியில் யாரிடமும் சொல்லாமல் மறுதேர்வுக்குப் பணம் கட்டியதையும் சொன்னேன். அந்த வாரம் என் அறைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். மேதையைப் பார்த்தால் பிள்ளைகள் கும்பிடுவார்கள். தோற்று எழுந்தவனிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

12. ரிசல்ட் வந்த பிறகு உன் வேலை தொடங்குகிறது.

முடிவு வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் ரிசல்ட் அனாலிசிஸ் ஓடும். எத்தனை சதவீதம், யார் செக்‌ஷன் முதல், எச்.ஓ.டி. என்ன சொன்னார் என்பதே பேச்சு. அந்த நேரத்தில் அரியர் விழுந்த பிள்ளை உன்னைப் பார்த்ததும் மாடிப்படியில் திரும்பிப் போகும். அடுத்த தேர்வு வரை அதற்கு எம்-ஒன் நடத்த யாரும் கிடையாது. வகுப்பு முடிந்துவிட்டது, வாத்தியாரும் மாறிவிட்டார். ஏற்கெனவே தோற்ற பாடத்தை, இம்முறை எந்தத் துணையுமில்லாமல் தனியாகப் படிக்கவேண்டும். தேடிப் போ. வாரத்தில் ஒருநாள் மதிய இடைவேளையில் ஓர் அறையைத் திறந்துவை. பஸ் போகாத நேரமாகப் பார். பட்டியல் ஒட்டாதே, பெயர் எழுதாதே. இரண்டு பேர் வந்தாலும் உட்கார். அந்த இரண்டு பேர் அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவருவார்கள்.

அவ்வளவுதான், கண்ணு. எல்லாவற்றையும் முதல் வருஷமே செய்ய முடியாது. நீயும் தப்புச் செய்வாய். என் தப்புகளையே திரும்பச் செய்யாமல் புதிதாக ஏதாவது செய்.

ஓய்வு பெற்றபின் நிறைய யோசிக்கிறேன். ஆறில் ஐந்தா, ஐந்தில் இரண்டா என்று கேட்ட அந்தப் பையனை அப்புறம் நான் பார்க்கவில்லை. மூன்றாம் வருஷத்தில் நின்றுவிட்டான் என்று கேள்வி. அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பது இப்போதும் உறுத்துகிறது. ஒரு சப்பாத்தியை இரண்டாக மடித்து, இன்னொன்றை மூன்றாகக் கிழித்துக் காட்டியிருந்தால் போதும். பாதியே ஐந்தில் இரண்டைவிடப் பெரிது, அதோடு இன்னொன்றைச் சேர்த்தபின் எப்படிக் குறையும் என்று அவனே கண்டுபிடித்திருப்பான். இரண்டு நிமிஷ வேலை. ஒரு சொல்லில் முடித்துவிட்டேன்.

நம் மொழியில் ‘கூட’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்டு ஒருவனைத் தள்ளிவிடலாம். ‘கூட வா, போட்டுப் பார்க்கலாம்’ என்று சேர்த்துக்கொள்ளவும் செய்யலாம். முதலாவதைச் சொல்லியே பத்து வருஷத்தை வீணாக்கினேன்.

திங்கட்கிழமை உன் முதல் வகுப்பு. போகும்போது இரண்டு சாக்பீஸ் எடுத்துக்கொள். ஒன்று உனக்கு.

அன்புடன்,
மாமா